கிள்ளான் சதுப்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும்: குளத்துப் பாடத்துக்கு நம் ஊர் வரலாறு

உணவுச் சங்கிலி பாடம் நடத்தும்போது ஏதாவது ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான்: "சார், நாம இதுல எங்க இருக்கோம்?" நாமும் அதிகம் யோசிக்காமல், "உச்சியில" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் நின்றுகொண்டு இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அங்கே மனிதன் சாப்பிடுகிறவன் இல்லை, சாப்பாடு. அவன் ரத்தத்தைக் குடித்தது கொசு. அவன் ரத்த அணுக்களுக்குள் புகுந்து பெருகியது கண்ணுக்குத் தெரியாத ஒரு மலேரியாக் கிருமி.

குளத்தையும் உணவுச் சங்கிலியையும் வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோய்க் கற்பிக்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கைவிட நல்ல வரலாறு வேறெங்கும் கிடைக்காது. ஏன் என்றால், "இந்தத் தண்ணீரில் என்ன வாழ்கிறது, அது யாரைத் தின்கிறது?" என்ற கேள்வியை நம் ஊர் ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பணயத்தில் பெரும்பகுதி நம் தாத்தா பாட்டிமார்களுடையது.

கோலாலம்பூர் பிறந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1857இல் கிள்ளான் ராஜா அப்துல்லா 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை ஆற்று வழியாக அம்பாங் பக்கம் ஈயம் தோண்ட அனுப்பினார். ஒரு மாதத்தில் மிஞ்சியவர்கள் 18 பேர்தான். மற்றவர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் காட்டுக் காய்ச்சல், அதாவது மலேரியா. புலி பற்றிய பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. கொசுவுக்கு யாரும் பயப்படவில்லை. காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் உறவு உண்டு என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

அதன்பின் ஈயத்துக்காகத் தோண்டிய இடமெல்லாம் குட்டையானது. 1881இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அடுத்து வந்த ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் மரம், அத்தாப்பு வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடம் எழுப்பச் சொன்னார். செங்கல் சூளைகள் வந்த இடம்தான் இன்று நாம் தோசை சாப்பிடப் போகிற பிரிக்பீல்ட்ஸ். மண் எடுத்த இடத்தில் பள்ளம் விழும், பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கும். இதற்கு வரலாற்றுப் புத்தகம் தேவையில்லை, நம் வீட்டுப் பின்புறத்தைப் பார்த்தாலே போதும். நகரம் வளர வளர, தண்ணீர் தேங்கும் இடங்களும் சேர்ந்தே வளர்ந்தன.

துறைமுகம் திறந்த ஆண்டு

1901 செப்டம்பர் 15இல் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். அலையாத்திக் காட்டுச் சதுப்பை வெட்டி அதன் நடுவே கட்டிய துறைமுகம். திறந்த சில வாரங்களுக்குள் வேலையாட்களும் குடும்பங்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போனது.

அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்திருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. நான்கு ஆண்டுக்கு முன்னால், 1897 ஆகஸ்டில், செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அது ஆய்வுக்கூடத்துச் செய்தி. ஊரையே அதைக்கொண்டு காப்பாற்ற முடியுமா என்பது வேறு கேள்வி. ஏறக்குறைய அதே காலத்தில் லாகூர் அருகே மியான் மீர் படைமுகாமில் கொசுவை ஒழித்து மலேரியாவைக் குறைக்கச் செய்த சோதனை தோல்வி என்று பேசப்பட்டது. ராஸ் சொன்னது நடைமுறைக்கு உதவாது என்று பல அதிகாரிகள் முடிவு கட்டினார்கள்.

வாட்சன் கிள்ளானில் மருந்து கொடுப்பதோடு நிற்கவில்லை. நகரத்துக்குள்ளேயே கிடந்த சதுப்பையும் புதரையும் வெட்டச் செய்தார். பள்ளங்களைத் தூர்த்து, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார். துறைமுகத்தில் கடல் நீர் உள்ளே வராமல் கரை எழுப்பி வடிகால் போட்டார்கள். திட்டம் டாக்டருடையது, இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தது கூலியாட்கள். இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் புத்தகங்களில் ஒரு வரியோடு முடிந்துவிடும். நீங்கள் வகுப்பில் சொல்லும்போது கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க.

விளைவு என்ன? கிள்ளான் நகரில் அப்போது சுமார் 3,500 பேர். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் இரண்டு ஊர்களிலும் 1901இல் பதிவான மரணங்கள் 582. அதில் காய்ச்சலால் மட்டும் 368. அடுத்த ஆண்டு, 1902இல், மொத்த மரணம் 144. காய்ச்சல் மரணம் 59. மாணவர்களிடம் இந்த நான்கு எண்களை மட்டும் கொடுத்துப் பட்டை வரைபடம் போடச் சொல்லிப் பாருங்க. கணிதமும் வரலாறும் அறிவியலும் ஒரே தாளில் வந்துவிடும். கெட்டிக்கார மாணவர் ஒருவர் இன்னொன்றையும் கவனிப்பார்: காய்ச்சல் அல்லாத மரணங்களும் 214லிருந்து 85ஆகக் குறைந்திருக்கின்றன. மலேரியாவால் ஏற்கெனவே தளர்ந்த உடம்பு வேறு நோய்க்கும் சுலபமாகப் பலியாகும் என்பது ஒரு காரணம். வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று அவர்களையே யோசிக்க விடலாம்.

மலைக்குப் போனதும் கணக்கு மாறியது

கதை இங்கே முடிந்திருந்தால் "தண்ணீரை வடித்தால் நோய் போகும்" என்ற ஒற்றை வரிப் பாடமாக இருந்திருக்கும். வரலாறு அப்படி விடவில்லை.

ரப்பர் விலை ஏறிய காலம் அது. கிள்ளான், குவாலா லங்காட், பத்து தீகா பக்கமெல்லாம் காடு அழிந்து தோட்டங்கள் வந்தன. தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து லயங்களில் தங்கினார்கள். வாட்சன் பின்னாளில் அரசு வேலையை விட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவரானார். அதை வெறும் தர்மம் என்று எண்ண வேண்டாம். காய்ச்சலில் படுத்தவன் பால் வெட்ட மாட்டான். துரைமார்களுக்கு அது நஷ்டம். அவருடைய அறிக்கைகளில் நம் மக்கள் ஆயிரத்துக்கு இத்தனை என்ற எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். பேர் கிடையாது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி, தண்ணீரை வடித்ததும் மலேரியா இறங்கியது. அதே வேலையை உள்ளே, குன்றும் பள்ளமுமான தோட்டங்களில் செய்தார்கள். ஓடைக்கரை மரங்களை வெட்டினார்கள், புதரை அகற்றினார்கள், சதுப்பு நீர் தெளிந்து ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காய்ச்சல் குறையவில்லை, சில இடங்களில் கூடியது.

காரணம் தெரிய ஒரே வழிதான் இருந்தது: குனிந்து தண்ணீரை மொண்டு, அதில் இருக்கும் புழு எது என்று பார்ப்பது. சமவெளியில் இருந்தது அனாஃபிலிஸ் அம்ப்ரோசஸ். பேரிலேயே நிழல் இருக்கிறது; லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நிழல் நிறைந்தது என்று பொருள். காட்டு நிழலில் அசையாமல் கிடக்கும் நீர்தான் அதற்கு வீடு. மரத்தை வெட்டி வெயில் விட்டால் அது போய்விடும். குன்றுப் பக்கம் இருந்ததோ அனாஃபிலிஸ் மாகுலேட்டஸ். அதற்குப் பிடித்தது நேர் எதிரானது: வெயில் படும், தெளிந்த, மெல்ல ஓடும் ஊற்று நீர். நிழல் ஓடையில் அதற்கு இடமில்லாமல் இருந்தது. மனிதன்தான் மரத்தை வெட்டி, வெயிலை உள்ளே விட்டு, சுத்தமான தொட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

நம்முடைய குளத்துப் பாடத்துக்கு இதுதான் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். குளம் என்றால் ஒரு குளம் இல்லை. நிழலா வெயிலா, நிற்கிறதா ஓடுகிறதா, உப்பா நன்னீரா, தெளிவா கலங்கலா என்பதைப் பொறுத்து உள்ளே வாழ்கிற கூட்டமே மாறிவிடும். கடலோரத்தில் வெயில் படும் உவர்நீருக்கு இன்னொரு கொசு, சுண்டாய்கஸ், காத்திருந்தது. பாடப்புத்தகத்துப் படத்தில் ஒரு நீல வட்டமும் அதில் ஒரு தவளையும் போட்டுவிட்டு "குளம்" என்று எழுதினால், வாட்சன் செய்த அதே தவற்றைத்தான் நாமும் செய்கிறோம். அவர் அதைத் திருத்திக்கொள்ளக் கொடுத்த விலை அதிகம். நாம் ஒரு கிண்ணத்தோடு திருத்திக்கொள்ளலாம்.

கிள்ளானின் அனுபவத்தைப் பார்த்த டச்சு விஞ்ஞானி ஸ்வெல்லென்கிரேபல், நோய் பரப்பும் இனத்தை மட்டும் அடையாளம் கண்டு அதன் வாழிடத்தை மாற்றும் இந்த வழிக்கு "இனவாரிச் சுகாதாரம்" என்று பொருள்படும் ஒரு பேரையே வைத்தார். டச்சு ஆட்சியில் இருந்த ஜாவா, சுமத்ராவிலும் அதைப் பின்பற்றினார்கள். மலேரியா வரலாறு எழுதுகிற எவரும் இன்றும் கிள்ளானைத் தாண்டிப் போக முடியாது.

குன்றுத் தோட்டங்களில் பிறகு என்ன செய்தார்கள்? ஊற்று நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து வெயில் படாமல் கொண்டுபோனார்கள். சில இடங்களில் ஓடையை மறுபடி நிழலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். மிகப் பரவலானது எண்ணெய் தெளிப்பு. முதுகில் டப்பாவோடு ஓர் ஆள் வாரம் ஒருமுறை ஓடை, அல்லூர் எல்லாம் எண்ணெய் அடித்துக்கொண்டு போவார். வாரக்கணக்கு ஏன்? கொசு முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறந்துபோக நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பறப்பதற்கு முன் பிடிக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் நீரின் மேல்பரப்பை மூடிவிடும். மூச்சு வாங்க மேலே வரும் புழு மூச்சுத் திணறிச் சாகும். கூடவே, அதே மாதிரி மேலே வந்து காற்று எடுக்கும் நீர்வண்டும் நீர்ப்பூச்சியும் சாகும். அவை கொசுப்புழுவைத் தின்கிறவை. இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, "சங்கிலியில் கொசுப்புழுவோடு சேர்த்து அதைத் தின்பவனையும் எடுத்துவிட்டால் எண்ணெய் அடிப்பதை நிறுத்திய பிறகு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்க. உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி தேடி எங்கும் அலைய வேண்டாம்.

உங்கள் ஊரில் தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளை அனுப்பிக் கேட்கச் சொல்லலாம். பெரட்டில் வரிசையில் நிற்கவைத்துக் கசப்புக் கொய்னா கொடுத்ததை, எண்ணெய் டப்பா ஆளை, அவர்களுடைய பெற்றோர் சொன்ன காய்ச்சல் கதையை அவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அந்த ஞாபகம் இன்னும் பத்து வருஷம் கழித்துக் கிடைக்காது.

குளத்தைப் பாடமாக்கிய ஆசிரியர்

குளத்தங்கரைக்கு வகுப்பைக் கொண்டுபோவது புது யோசனை ஒன்றும் இல்லை. 1885இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஃபிரெடரிக் யுங்கே என்ற பள்ளி ஆசிரியர், கிராமத்துக் குளத்தை ஒரு வாழும் சமூகமாகப் பார்க்கச் சொல்லி ஒரு நூலே எழுதினார். அதுவரை பள்ளிகளில் இயற்கைப் பாடம் என்றால் வாத்துக்கு எத்தனை விரல், தவளைக்கு எத்தனை கால் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்வதுதான். யுங்கே வாத்தையும் தவளையையும் நீர்ச்செடியையும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கேட்டார். கீல் பல்கலைக்கழகத்தில் சிப்பிப் படுகைகளை ஆராய்ந்த கார்ல் மோபியஸிடமிருந்து அவருக்கு அந்தக் கருத்து கிடைத்தது. ஒரு சாதாரணப் பள்ளி வாத்தியார், பேராசிரியரின் கருத்தை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். நம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன?

"உணவுச் சங்கிலி" என்ற கருத்தை அறிவியலில் நிலைநிறுத்தியது 1927இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ் எல்டன் எழுதிய விலங்குச் சூழலியல் நூல். கவனியுங்கள்: கிள்ளானில் வடிகால் வெட்டி முடித்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சொல் வருவதற்கு முன்பே இங்கே வேலை நடந்திருக்கிறது.

இன்றைய நிலைமை

மலேசியாவில் 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்ளூரில் தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா மட்டும் காட்டோரங்களில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போதைய தலைவலி டிங்கி. அதனால்தான் பள்ளியில் குளம் என்றாலே தலைமையாசிரியர்கள் பயப்படுகிறார்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வளாகத்தில் கொசுப்புழு கண்டால் அபராதம் வரும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மீனோடு இருந்த சின்னக் குளத்தை மண் போட்டு மூடிவிட்டு, மறுவாரம் பார்த்தால் கூரைத் தகரத்துக்குக் கீழே மறந்துபோன வாளியில் ஜெந்திக் ஜெந்திக் துள்ளிக்கொண்டிருந்தது!

எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று கேட்காததன் விளைவு இது. டிங்கி பரப்பும் ஏடிஸ் பூஞ்சட்டி, டயர், வாளி போன்ற சின்னப் பாத்திரங்களில் தேங்கும் நீரைத் தேடுகிறது. மீனும் தும்பிக் குஞ்சும் உள்ள குளத்தில் அதன் புழு பிழைப்பது கடினம். குளத்தை மூடினால் போனது தும்பியும் மீனும்; கொசுவுக்கு நஷ்டம் இல்லை. இதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லும்போது, வாளி பூஞ்சட்டி எல்லாம் வாரம் ஒருமுறை மாணவர்களே கவிழ்க்கிறோம் என்ற உறுதிமொழியோடு போங்க. வெறுங்கையோடு போனால் எடுபடாது.

பள்ளியில் குளம் இல்லாவிட்டால் நம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. தீத்திவங்சா ஏரி, கெலானா ஜெயா ஏரிகள், டெங்கில் பக்கத்துப் பாயா இண்டா எல்லாம் பழைய ஈயலம்பங்கள்தான். அங்கே வேறொரு வரலாறும் நீந்துகிறது. திலாப்பியா ஆப்பிரிக்க மீன். ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்தது. கிள்ளான் ஆற்றில் பாறை போல ஒட்டிக் கிடக்கும் "ஈக்கான் பண்டாராயா" தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டி வழியாக வந்து ஆற்றில் விடப்பட்டது. மாநகராட்சி மாதிரிக் குப்பையைத் துடைக்கும் என்று அந்தப் பேர். அதைத் தின்ன இங்கே பெரிதாக யாரும் இல்லை என்பதால் பெருகிவிட்டது. உணவு வலையில் அந்நியன் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் வேண்டாம்.

வெளியே போகும் நாளில் வகுப்பை மூன்றாகப் பிரிங்க. ஒரு குழு நிழலில் நிற்கும் நீர், ஒரு குழு வெயிலில் கிடக்கும் ஏரிக்கரை, ஒரு குழு ஓடும் அல்லூர். ஒவ்வொரு குழுவுக்கும் நீளக் காம்புக் கரண்டி ஒன்று, வெள்ளைக் கிண்ணம் ஒன்று. வெள்ளை ஏன் என்றால், அதில்தான் சின்ன உயிர் கண்ணுக்குத் தெரியும். கொசுப்புழு தேடுகிறவர்களும் இப்படித்தான் மொண்டு பார்க்கிறார்கள். புழு கிடைத்தால் அது எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்க. தலை கீழாகத் தொங்கி, வால் பக்கத்து மூச்சுக்குழாயை மேலே நீட்டியிருந்தால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாஃபிலிஸ், அதாவது வாட்சன் தேடிய இனம். மூச்சுக்குழாய் இல்லாததால்தான் அது படுத்திருக்கிறது.

திரும்பி வந்ததும் மூன்று குழுவும் தனித்தனிச் சங்கிலி வரையட்டும். ஏரிக்கரைக் குழுவுக்குப் பாசி → கொசுப்புழு → தும்பியின் இளம்பருவம் → ஹாருவான், அதாவது விரால் → கொக்கு என்று வரலாம். அல்லூர்க் குழுவுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காமல் கப்பி மீன் மட்டும் வரலாம். கிடைத்ததைத்தான் வரைய வேண்டும். புத்தகத்தைப் பார்த்து நிரப்ப விடாதீங்க. மூன்றையும் ஒரே தாளில் சேர்த்தால் உணவு வலை தானாக விழும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு இரண்டு சொல். அம்புக்குறி தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். சக்தி போகும் திசை அது. ஆண்டுதோறும் இதைத் தலைகீழாகப் போட்டுப் புள்ளி இழக்கிறார்கள். சூரியன் உற்பத்தியாளர் அல்ல; பாசியும் செடியும்தான் உற்பத்தியாளர், மற்றவை பயனீட்டாளர்.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் நம் நாட்டில் உண்டு. காலில் கையில் புண் உள்ள பிள்ளை தண்ணீரைத் தொடக் கூடாது, மற்றவர்களும் கையுறை போட்டுக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள கரைக்கு யாரையும் விடாதீங்க. பழைய ஈயலம்பங்களின் கரை திடீரென்று செங்குத்தாக இறங்கும்.

பார்த்து முடித்ததும் கிண்ணத்து நீரை எடுத்த இடத்திலேயே ஊற்றச் சொல்லுங்க. ஏரி நீரை அல்லூரில் ஊற்றக் கூடாது, ஈக்கான் பண்டாராயா இப்படித்தான் வந்தது. கொசுப்புழு இருந்த கிண்ணத்தை மட்டும் வெயிலில் காய்ந்த மண்மேல் கவிழ்க்கலாம்.